பசராவுக்குப் போன கொள்ளுத்தாத்தாவைத் தேடி

முதல் உலகப் போருக்குப் போன ஒரு தமிழ்ச் சிப்பாயைத் தேடத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் பெயரில்தான் தொடங்குகிறார்கள். பெயரை ஓரமாக வைத்துவிட்டு எண்ணைத் தேடுங்கள் என்பதுதான் அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது. என் அப்பாவின் தாத்தாவுக்கு இருந்த பெயர் குடியாத்தம் வட்டாரத்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு உண்டு. அதை ஆங்கிலத்தில் எழுதிய பட்டாளத்து எழுத்தர்கள், காதில் விழுந்தபடி ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். 'சாமி' என்று முடியும் பெயர் ஒரு தாளில் 'ஸ்வாமி', இன்னொன்றில் 'சௌமி'. தந்தை பெயர் சில இடங்களில் இருக்கும், பல இடங்களில் இருக்காது. ஆனால் சேர்ந்த அன்று கொடுக்கப்பட்ட எண், அந்தப் படைப்பிரிவில் இருக்கும்வரை மனிதரோடு கூடவே வரும். பதக்கத்திலும் அதுதான், டிஸ்சார்ஜ் சான்றிதழிலும் அதுதான்.

எங்கள் வீட்டில் "பசராவுக்குப் போனவர்" (இன்றைய இராக்கில் உள்ள பஸ்ராதான் அது) என்ற பேச்சு மட்டும் வழிவழியாக வந்தது. அதோடு ஒரு தகரப் பெட்டியில் இரண்டு பதக்கங்களும், மடிப்புகளில் கிழிந்து மேல்பாதி மட்டும் தங்கிய டிஸ்சார்ஜ் சான்றிதழும் இருந்தன. புகைப்படம் இல்லை, கடிதம் இல்லை.

பதக்கங்களில் ஒன்று வெள்ளி, மற்றது வெண்கலம். வெள்ளியில் ஆனது பிரிட்டிஷ் வார் மெடல்: 36 மில்லிமீட்டர் விட்டம், ஒருபக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரைமேல் வெற்றுடம்போடு அமர்ந்த வீரன், குதிரையின் குளம்படியில் கழுகு பொறித்த கேடயம், 1914, 1918 என்ற ஆண்டுகள். வெண்கலத்தில் ஆனது விக்டரி மெடல், அதில் சிறகு விரித்து நிற்கும் பெண்ணுருவம். 'லேபர் கோர்' என்ற தொழிலாளர் படைகளில் இருந்தவர்களுக்கு வார் மெடலை வெண்கலத்தில் கொடுத்தார்கள். எங்களுடையது வெள்ளி என்பதே அவர் போர்ப் படையில் இருந்தவர் என்பதைச் சொல்லிவிட்டது.

படத்தைவிட முக்கியமானது விளிம்பு. பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அந்த வரிசையில் பதக்கத்தின் ஓரத்தில் பதிக்கப்பட்டிருக்கும். பழைய பதக்கம் கறுத்துக் கிடந்தால் புளி போட்டுத் தேய்க்கத்தான் நம் வீடுகளில் முதலில் கை போகும். தயவுசெய்து தேய்க்காதீர்கள். பாலிஷும் வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பும் அந்த எழுத்துகளைத்தான் தின்னும். நான் செய்தது இது: அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒளி விளிம்பின்மேல் சாய்வாக ஓடும்படி வைத்தேன். பதக்கத்தை மெதுவாகத் திருப்பத் திருப்ப, நேர் வெளிச்சத்தில் வெறும் கீறலாகத் தெரிந்தவை நிழல் பிடித்து எழுத்துகளாயின. அழுத்திப் பதித்த எழுத்து என்பதால், மேல்பரப்பு தேய்ந்தாலும் பள்ளத்தின் அடி தங்கியிருக்கிறது. கைப்பேசியில் நெருக்கமாகப் பல படங்கள் எடுத்துக்கொண்டு, பிறகு மெல்லிய தாளை விளிம்பில் சுற்றிப் பிடித்து மென்மையான பென்சிலால் தடவி ஒரு நகலும் எடுத்தேன். நான்கு இலக்க எண்ணில் மூன்றாவது இலக்கம் 3 போலவும் 8 போலவும் தெரிந்தது. விக்டரி மெடலின் விளிம்பில் அதே இலக்கம் தெளிவாக 8. கிழிந்த சான்றிதழிலும் 8. இரண்டாவது சான்று கிடைக்கும்வரை எந்த எண்ணையும் உறுதி என்று குறித்துக்கொள்ளக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் ஒழுங்கு.

பெயருக்கு அப்பால் இருந்தது படைப்பிரிவு: '2', பிறகு 'க்யூ.வி.ஓ.', பிறகு 'எஸ் அண்ட் எம்'. மெட்ராஸ் என்ற சொல்லே இல்லை. இங்கேதான் பல குடும்பங்கள் தேடலைக் கைவிட்டிருக்கும் என்று நினைக்கிறேன். 1780 செப்டம்பர் 30 அன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கிய பொறியியல் படை இது. 1831இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் ஆனது. இந்தியப் படையின் தலைமைத் தளபதி கிச்சனர் அதை மறுசீரமைத்தபோது வங்காளம், மெட்ராஸ், பம்பாய் என்ற மூன்று சாப்பர் படைகளும் 1, 2, 3 என்று எண் பெற்றன. மாகாணப் பெயர் பின்னுக்குப் போயிற்று. 1911 முதல் 'இரண்டாவது குயீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'; விளிம்பில் இருந்தது இதன் சுருக்கம்தான். மெட்ராஸ் என்ற பெயர் 1923இல்தான் திரும்ப வந்தது. இன்று அது மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், தலைமையகம் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கருகே. கம்பெனி எண்களுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு: வங்காளத்தவை 1 முதல் 6, மெட்ராஸ் கம்பெனிகள் 9இலிருந்து, பம்பாய் 17 முதல் 22. ஆவணத்தில் கம்பெனி எண் மட்டும் கிடைத்தாலும் எந்தப் படை என்று சொல்லிவிடலாம்.

கிழிந்த சான்றிதழில் தப்பிப் பிழைத்த வரி ஒன்றில் '13வது கம்பெனி' என்று இருந்தது. சேர்ந்த ஆண்டு 1913, விடுவிக்கப்பட்டது 1920.

சாப்பர் என்றால் என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பாலம் கட்டுவது, பாதை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது, கிணறு தோண்டுவது, முள்வேலியை வெடிவைத்துத் தகர்ப்பது. வேலி தகர்க்க உலகமெங்கும் படைகள் பயன்படுத்திய 'பெங்களூர் டார்பிடோ' 1912இல் இந்தப் படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக் பெங்களூரில் உருவாக்கியது. போர் மரபினர் என்று சில சாதிகளை மட்டும் உயர்த்திப் பிடித்த கொள்கையால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சாப்பர்களை அப்படிக் கலைக்க முடியவில்லை. அந்த ஆட்களின் கைத்திறனுக்கு மாற்று அவர்களிடம் இல்லை. வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர்கள் பலருக்கு இந்தப் படை கூலிக்கு அப்பால் ஒரு வாழ்க்கையைத் திறந்துவிட்டது. என் குடும்பத்தில் முதன்முதலில் கையெழுத்துப் போடக் கற்றவர் கொள்ளுத்தாத்தா. அதைக் கற்றது பட்டாளத்தில்.

அடுத்து அருங்காட்சியகம். மெட்ராஸ் சாப்பர்களின் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் பெங்களூரில் ராணுவ வளாகத்துக்குள் இருக்கின்றன. டிக்கெட் வாங்கி உள்ளே போகும் இடம் அல்ல, முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். என் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன்: எண், பதவி, படைப்பிரிவு அன்றைய பெயரிலேயே, கம்பெனி, சேர்ந்த ஆண்டு, விட்ட ஆண்டு, ஊரும் தாலுகாவும் அன்றைய மாவட்டமும், எனக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டும் நான்கு வரி வம்ச வரிசை, அடையாள அட்டை நகல், பதக்க விளிம்பின் படங்கள். "என் தாத்தா பற்றி ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்" என்று எழுதும் கடிதத்துக்கு யாராலும் பதில் சொல்ல இயலாது. "13வது கம்பெனி 1916 முதல் 1918 வரை எங்கே இருந்தது என்று காட்டும் நூல்களையும் படங்களையும் பார்க்க விரும்புகிறேன்" என்று கேட்டால் எடுத்து வைத்திருப்பார்கள்.

அப்படித்தான் எடுத்து வைத்திருந்தார்கள். உள்ளே என்னை அமரவைத்தவர் அங்கே பணிபுரியும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். பென்சிலால் தடவி எடுத்த நகலை மேசைமேல் விரித்ததும், "தம்பி, நல்ல வேளை, தேய்க்காமல் கொண்டுவந்தீர்கள்" என்றார். ஒரு படைப்பிரிவு அருங்காட்சியகத்திலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை அவர் சொன்ன விதத்தில் தெளிவாகப் புரிந்துகொண்டேன். அருங்காட்சியகம் காப்பது கூட்டு நினைவை: கம்பெனிப் படங்கள், போர்க்களங்களின் வரலாறு, சீருடை, கருவிகள். தனிமனிதரின் பணிப்பதிவு அங்கே அல்ல, பதிவு அலுவலகத்தின் பொறுப்பு. இரண்டும் ஒரே வளாகத்தைச் சேர்ந்தவை என்றாலும் விண்ணப்பம் தனித்தனி. லண்டனில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் பெரும்பாலும் அதிகாரிகளைப் பற்றியவை. சாதாரணச் சிப்பாயின் தனிப்பதிவு அவர் சேர்ந்த படைப்பிரிவோடு இந்தியாவிலேயே தங்கியது.

அவர் காட்டிய குழுப்படங்களில் அதிகாரிகளின் பெயர்கள் அடியில் வரிசையாக இருந்தன. சுபேதார், ஜமேதார் பெயர்களும் சிலவற்றில் இருந்தன. பின்வரிசையில் நிற்கும் சாப்பர்களுக்குப் பெயர் இல்லை. உருளையாக உயர்ந்து நிற்கும் 'துப்டா' தலைப்பாகையை வைத்து மெட்ராஸ் சாப்பர் என்று அடையாளம் காணலாம், அவ்வளவே. அந்த முகங்களில் ஒன்று எங்களுடையதாக இருக்கக்கூடும் என்று நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் எந்த முகத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து "இவர்தான்" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த தலைமுறை அதைச் சட்டம் போட்டு மாட்டிவிடும்.

அங்கே எனக்குக் கிடைத்த பெரிய உதவி, கம்பெனியின் இடம் உறுதியானதுதான். 12வது, 13வது கம்பெனிகள் இரண்டும் மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், பல பிரிகேடுகள் சேர்ந்த பெரும்படையான 14வது இந்திய டிவிஷனோடு இருந்தன. அந்த டிவிஷன் 1916 மே மாதம், கூட் நகரம் துருக்கியரிடம் வீழ்ந்த சில வாரங்களில் உருவானது. டிவிஷன் தெரிந்துவிட்டால், ஒவ்வொரு படையும் களத்தில் நாள்தோறும் எழுதிவைத்த போர் நாட்குறிப்புகளுக்கான கதவு திறக்கிறது.

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 95' என்ற வரிசையில் முதல் உலகப் போரின் நாட்குறிப்புகள் இருக்கின்றன. மெசபடோமியாப் பகுதி கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறது. இணையத்தில் கணக்குத் தொடங்கி வீட்டிலிருந்தே இறக்கிக்கொண்டேன். படைப்பிரிவின் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட, 14வது டிவிஷன் என்று தேடி அதன் கீழ் 'டிவிஷனல் ட்ரூப்ஸ்' என்ற பகுதிக்குள் போவதே சுருக்குவழி. சாப்பர் கம்பெனிகள் எந்தப் பிரிகேடுக்கும் சொந்தமில்லை, டிவிஷனுக்கு நேரடியாகச் சொந்தம்.

தாள்கள் 'சி 2118' என்ற அச்சிட்ட படிவம். இடம், தேதி, நேரம், நிகழ்வுகளின் சுருக்கம், குறிப்புகள் என்று ஐந்து பத்திகள். கம்பெனித் தலைவர் மாலையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதியது. கையெழுத்து பழக முதலில் நேரம் பிடிக்கும். அவர் அடிக்கடி எழுதும் இடப்பெயர்களையும் மாதப்பெயர்களையும் தனித்தாளில் வெட்டி ஒட்டி ஒரு எழுத்து அட்டவணை செய்துகொண்டேன். அதன்பிறகு ஓட்டமாகப் படிக்க முடிந்தது. சுருக்கெழுத்துகளும் உண்டு. பிரிட்டிஷ் அதிகாரிக்கு 'பி.ஓ.', இந்திய அதிகாரிக்கு 'ஐ.ஓ.', இந்தியச் சிப்பாய்க்கு 'ஐ.ஓ.ஆர்.'. பி.ஓ. காயமடைந்தால் பெயர் வரும். ஐ.ஓ.ஆர். காயமடைந்தால் எண்ணிக்கை வரும். இதைத் தெரிந்துகொண்டே உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் பக்கமாகப் பெயரைத் தேடி மனம் உடைந்துவிடும்.

நாள்வாரியாக ஒரு அட்டவணை தயாரித்தேன்: தேதி, இடம், வேலை, ஆள் நிலவரம். நிரப்ப நிரப்பத்தான் ஒரு சாப்பரின் போர் எப்படிப்பட்டது என்று விளங்கியது. பாதையைச் செப்பனிடுதல், தண்ணீர்த் தொட்டி அமைத்தல், ஆற்றங்கரையில் இறங்குதுறை வெட்டுதல். துப்பாக்கியைவிட மண்வெட்டியும் கயிறும் மரமும்தான் அதிகம். "தாத்தா கயிறு முடிச்சுப் போட்டால் மாடு இழுத்தாலும் அவிழாது" என்று என் அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த அட்டவணையில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் 1917 பிப்ரவரி 23. கூட் நகருக்கு மேற்கே, டைக்ரிஸ் ஆறு கொண்டை ஊசியாக வளையும் ஷும்ரான். எதிர்க்கரையில் துருக்கியர். ஆறு வெள்ளத்தில். விடியற்காலையில் மூன்று துறைகளிலிருந்து படகுகள் புறப்பட்டன. மேல்துறையில் பிரிட்டிஷ் படையான நார்ஃபோக் படையினர், கீழ்த்துறைகள் இரண்டிலும் கூர்க்காக்கள். ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் காலாட்படையினர். துடுப்பு வலித்தவர்களில் ஹாம்ப்ஷயர் என்ற இன்னொரு பிரிட்டிஷ் படையினரோடு சாப்பர்களும் இருந்தார்கள். துடுப்பு வலிப்பவர் கையில் துப்பாக்கி இருக்காது, ஒருமுறை கரை சேர்ந்தால் போதாது, திரும்பி வந்து அடுத்த சுமையை ஏற்ற வேண்டும். கீழ்த்துறைகள் இரண்டிலும் சேதம் அதிகமானதால் அவை மூடப்பட்டு எல்லாமே மேல்துறை வழியாகப் போயிற்று. அதே நாளில் மிதவைப் பாலம் போடும் வேலையும் நடந்தது. மாலை 4.30க்கு, ஏறத்தாழ 300 கஜ அகலமுள்ள பெருவெள்ளத்தின்மேல் பாலம் போக்குவரத்துக்குத் தயார். மார்ச் 11 அன்று பாக்தாத் வீழ்ந்தது.

கொள்ளுத்தாத்தா அன்று படகில் இருந்தார் என்று நான் எங்கும் எழுதவில்லை. அவருடைய கம்பெனி அந்த ஆற்றங்கரையில் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். குடும்பத்துக்காகத் தயாரித்த கையேட்டில் இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் மை: ஆவணம் அவரை நேரடியாகச் சொல்வது கறுப்பு, கம்பெனியைப் பற்றிச் சொல்வது நீலம். நீலம்தான் அதிகம். படிக்கிறவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. செயற்கைக்கோள் வரைபடத்தில் ஷும்ரான் வளைவைப் பெரிதாக்கிக் காட்டியபோது என் அத்தை, "இவ்வளவு பெரிய ஆறா, நம்ம பாலாற்றைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு?" என்றார்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை யாரும் விட்டுவிடக் கூடாது. உங்கள் ஆள் உயிரோடு திரும்பியவராக இருந்தாலும், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் அவருடைய எண்ணுக்கு அக்கம்பக்கத்து எண்களைத் தேடுங்கள். அடுத்தடுத்த எண் என்றால் பெரும்பாலும் ஒரே நாளிலோ ஒரே வாரத்திலோ சேர்ந்தவர்கள். இந்தியச் சிப்பாய்களின் பதிவுகளில் பலவற்றில் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் எல்லாம் இருக்கும். அன்றைய மாவட்டப் பெயரில் தேட வேண்டும்: எங்களுக்கு வேலூர் அல்ல, 'நார்த் ஆற்காட்'. அப்படித் தேடியபோது, கொள்ளுத்தாத்தாவின் எண்ணுக்கு மிக அருகில் ஒரு சாப்பர், குடியாத்தம் தாலுகா, ஊர்ப்பெயர் சிதைந்திருந்தாலும் சந்தேகமில்லாமல் எங்கள் ஊர். "போகும்போது இரண்டு பேர், வரும்போது ஒருத்தர்" என்று என் தாத்தா சொல்லிவந்த அந்த இரண்டாமவர். அவர் நினைவு கூரப்படுவது பஸ்ரா நினைவகத்தில்.

அந்த நினைவகம் மெசபடோமியாவில் இறந்து கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே கல்லில் பெயர், மற்றவர்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாகவும் ஏட்டில் பெயராகவும் போனார்கள். 1997இல் நினைவகமே பிரித்து எடுக்கப்பட்டு நாசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளி மீண்டும் கட்டப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களை நினைவுகூர்ந்ததில் சமத்துவம் இல்லை என்பதை ஆணையம் தானே அமைத்த குழு 2021 ஏப்ரலில் அறிக்கையாக ஒப்புக்கொண்டது: 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ அல்லது எவ்விதத்திலுமோ நினைவுகூரப்படவே இல்லை. நம் ஊர்ப்புறங்களில் இன்றும் நிற்கும் பளிங்குக் கற்களும் அப்படித்தான். இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். அந்த எண்ணிக்கைக்குள் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பெயரும் அப்பாவும் தெருவும் உண்டு. ஏட்டில் இருப்பதை வெளியே எடுக்க நமக்கு இன்று வழி இருக்கும்போது அதைச் செய்யாமல் இருப்பது நியாயமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த இரண்டாமவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய தங்கை வழிப் பேரன் பேத்திகள் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்கள். பதிவின் நகலை அவர்களிடம் கொடுத்து, ஊர்ப்பெயரைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்தை அவர்கள் பெயரிலேயே ஆணையத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பழைய தாலுகா வரைபடத்தின் நகலையும் கிராமக் கணக்கில் ஊர்ப்பெயர் உள்ள பக்கத்தையும் இணைத்தோம்.

அருங்காட்சியகத்துக்குப் பதக்க விளிம்புகளின் படங்களும் சான்றிதழின் மின்நகலும் எங்கள் அட்டவணையும் போயிருக்கின்றன. அசல் சான்றிதழை லேமினேஷன் செய்யச் சொன்னவர்கள் பலர். அது சூட்டில் மையைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. அமிலமில்லாத தாள் உறையில் தட்டையாக வைத்திருக்கிறேன். இனி படிக்க வேண்டியவை 1918 இறுதிமுதல் அவர் விடுவிக்கப்பட்ட 1920 வரையிலான தாள்கள். பதிவு அலுவலகத்துக்கான தனி விண்ணப்பமும் தயாராக இருக்கிறது. அதன் முதல் வரியில் பெயர் இல்லை, எண்தான்.